மாட்டுக் கேள்வி கேட்ட கண்டக்டர்

பஸ் வந்து நிற்பதற்கு முன்னாலேயே அவர் குரல் வந்து நின்றுவிடும்.

"ஜருகண்டி, ஜருகண்டி! உள்ள எடம் நெறைய கீது, நகர்றதுக்குத்தான் ஆள் இல்ல!"

நகரியிலிருந்து புத்தூர், வடமாலபேட்டை வழியாகத் திருப்பதி போகும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. அவர் பேச்சில் இரண்டும் ஒரே மூச்சில் வரும். டிக்கெட்டைத் தமிழில் கிழித்துச் சில்லறையைத் தெலுங்கில் கொடுப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பும் யாத்திரைக் கூட்டம் "கோவிந்தா!" என்று கத்தும்போது, "சாமிய நல்லாக் கூப்புடுங்க, படியில தொங்கிக்கினு மட்டும் கூப்புடாதீங்க. அப்புறம் அவரே வந்துருவாரு" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

அவர் கிறிஸ்தவர். எங்கள் ஊர்க்காரர்தான். வடமாலபேட்டைக்கும் புத்தூருக்கும் நடுவில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சர்ச்சுக்கு அடுத்த வீடு அவருடையது. நான் அப்போது வடமாலபேட்டைப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்கு டீச்சர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் சுற்றுப்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் படித்தது அந்த ஒரு பிரிவில்தான். தினமும் அவர் பஸ்ஸில்தான் போவேன், வருவேன். எங்களுடையது இந்து விவசாயக் குடும்பம். வேதப் புத்தகத்தை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. ஆனாலும் மோசேயும் சாமுவேலும் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், புத்தூரில் ஏறி ரேணிகுண்டாவில் இறங்குகிற ஆட்களைத் தெரிந்திருப்பது போல. கண்டக்டர் அவர்களைப் பற்றி அப்படித்தான் பேசுவார்.

டிக்கெட் வைக்கும் தோல் பைக்குள் ஒரு சின்ன வேதப் புத்தகம் இருக்கும். அதை அவர் எடுத்துப் படித்து நான் பார்த்ததில்லை. எல்லாம் நாக்கில் இருந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறியாக இருந்த வருஷங்கள் அவை. வாரத்துக்கு ஒரு தலைவர் முளைப்பார். பஸ்ஸில் யாராவது "நம்ம தலைவரு" என்று வாயெடுத்தால் போதும். கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார்.

"தலைவரா? வேதத்துல ஒரு கதை கீது, கேளுங்க. மரமெல்லாம் ஒண்ணு சேந்து தங்களுக்கு ஒரு ராஜா வேணும்னு போச்சாம். ஒலிவ மரத்தக் கேட்டாங்க. எனக்கு எண்ணெய் குடுக்கற வேல கீது, வரலன்னுச்சி. அத்தி மரத்தக் கேட்டாங்க. பழம் யாரு குடுப்பாங்கன்னுச்சி. திராட்சைக் கொடியும் முடியாதுன்னுச்சி. கடைசியில முள்ளுச் செடியக் கேட்டாங்க. அது இன்னா சொல்லிச்சி தெரியுமா? வாங்க, வந்து என் நெழல்ல உக்காருங்கன்னுச்சி! முள்ளுச் செடிக்கு ஏதுய்யா நெழலு?"

ஒரு விசில் அடிப்பார். விசில் பஸ்ஸுக்கா கதைக்கா என்று தெரியாமல் டிரைவர் பிரேக் போட்டுவிட்டுத் திட்டுவார்.

இன்னொரு நாள் மோசேயின் மாமனார் வருவார். மருமகன் காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்த மாமனார், இப்படிச் செய்தால் நீயும் சோர்ந்துபோவாய், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள், கூட ஆள் சேர்த்துக்கொள் என்றாராம். "யாரச் சேக்கச் சொன்னாரு? பணக்காரனையா? சத்தமாப் பேசறவனையா? இல்ல. தெய்வ பயம் கீறவன், நெசம் பேசறவன், லஞ்சம்னா மூஞ்சியத் திருப்பிக்கறவன். அவ்ளோதான். சொந்தம் பந்தம் பாருன்னு அந்த மாமனாரு ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா?"

ஆனால் அவர் உயிரையே வைத்திருந்தது சாமுவேல் மீதுதான். சாமுவேல் தலை நரைத்த பிறகு ஜனங்கள் எல்லாரையும் கூட்டி நடுவில் நின்று, நான் யாருடைய மாட்டையாவது எடுத்துக்கொண்டேனா, யாருடைய கழுதையையாவது எடுத்துக்கொண்டேனா, யாருக்காவது அநியாயம் செய்தேனா, இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்டாராம். ஒருவரும் வாய் திறக்கவில்லையாம், இல்லை என்று சொல்வதைத் தவிர. இதைச் சொல்லும்போது கண்டக்டரின் கண்கள் பளபளக்கும்.

"ஓட்டுக் கேக்கறவன் எல்லாம் இந்தக் கேள்வியக் கேட்டுட்டுத்தான் ஓட்டுக் கேக்கணும். அதான் நம்ம பஸ்ஸோட சட்டம்!"

சட்டம் என்றால் சட்டம்தான். ஒருமுறை நெசவாளர் சொசைட்டிக்குத் தலைவராக நின்ற ஒருவர் கழுத்து மாலையோடு ஏறி, ஒவ்வொரு சீட்டாகக் கும்பிட்டுக்கொண்டு வந்தார். கண்டக்டர் அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, எல்லாரு முன்னாடியும் ஒரே ஒரு கேள்வி கேட்ருங்க. நான் யாரு மாட்ட எட்த்துக்கினேன்னு."

"மாடா? நான் எதுக்குய்யா மாட்ட எடுக்கணும்? நான் நூல் யாவாரி!"

பின் சீட்டிலிருந்து ஒரு நெசவுக்கார அம்மா, "அப்ப நூலக் கேளுய்யா, நாங்க பதில் சொல்றோம்!" என்றார். பஸ் குலுங்கிய குலுங்கலில் மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. மனிதர் இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார்.

எனக்கும் அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது. என் வகுப்பில் மாணவத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது அதையே வைத்தேன். நிற்கிற பிள்ளை முன்னால் வந்து, "நான் யாரோட பலப்பத்தை எடுத்தேன்?" என்று கேட்க வேண்டும். என் மகள் மரகதம் அந்த வகுப்பில்தான் இருந்தாள், பத்து வயது. கேட்டதுதான் தாமதம், வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. "என் பலப்பம்!" "என் கொய்யாக்கா!" "டீச்சர், இவன் என் பல்லக் கூட ஒடச்சான்!" ஒருவர்கூடத் தேறவில்லை. அந்த வருஷம் எங்கள் வகுப்புக்குத் தலைவரே இல்லாமல் போயிற்று.

மறுநாள் கண்டக்டரிடம் சொன்னேன். கம்பியில் சாய்ந்து அப்படிச் சிரித்தார்.

"பசங்க அப்பிடித்தான். பெரியவங்க சபையில அப்பிடி நடக்காது டீச்சரம்மா. போன ஈஸ்டருக்கு எங்க சர்ச்சுல மூப்பரு தேர்ந்தெடுத்தாங்க. நான் எழுந்து நின்னு கேட்டேன். ஒரு கொழந்தகூட இருமல. கம்முனு இருந்திச்சி. அந்த கம்முனு இருக்குது பாருங்க, அதான் ஓட்டு."

அதை அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் அது சரி என்றே பட்டது.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. மரகதம் இப்போது திருப்பதியில் காலேஜில் படிக்கிறாள். போன வாரம் வந்தவள், காலேஜ் எலெக்‌ஷனில் நிற்கப்போவதாகச் சொன்னாள். "மேடையேறி மொதல்ல மாட்டுக் கேள்வியக் கேக்கப் போறேம்மா" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வந்த நாளை நான் பார்த்திருக்கிறேன்.

வகுப்புக்குத் தலைவர் இல்லாமல் போன அதே வருஷம், எல்லை விஷயமாக விசாரிக்க ஒரு அதிகாரி திருப்பதிக்கு வருவதாகவும், ஊருக்கு ஒருவர் போய்த் தங்கள் மனுவைச் சொல்லலாம் என்றும் தண்டோரா போட்டார்கள். எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் ஆளுக்கொரு அபிப்பிராயம். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைகளின் தமிழ்ப் பிரிவை மூடக் கூடாது. மூடப் போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே பேச்சு வந்துவிட்டது. அதை அதிகாரியிடம் அழுத்திச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அரிசி மில்காரர் தானே போவதாகச் சொல்லிவிட்டார். சுற்றுவட்டாரத்தில் அவருடையது ஒன்றுதான் மில். எல்லார் வீட்டு நெல்லும் அங்கேதான் போக வேண்டும். அவருடைய பிள்ளைகள் மெட்ராஸில் படித்தார்கள். தமிழ்ப் பிரிவு இருந்தாலும் போனாலும் அவருக்கு ஒன்றுதான். திருப்பதிக்குப் போனால் தன் மில்லைப் பற்றித்தான் பேசுவார் என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. கடைசியில் சில பெண்கள்தான் கண்டக்டர் பெயரை எடுத்தார்கள். ஊர் பற்றிக்கொண்டது. "நம்ம கண்டக்டரு போனா அதிகாரியையே மாட்டுக் கேள்வி கேட்ருவாரு!" என்று சிரித்தார்கள். ஊர்க்கூட்டம் வரைக்கும் இருந்த மூன்று நாளும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர்க் களத்தில் கூடினோம். கை தூக்கித் தேர்ந்தெடுப்பது என்று ஏற்பாடு. கண்டக்டர் சர்ச்சிலிருந்து நேராக வந்தார். அன்று வெள்ளைச் சட்டை. காக்கிச் சட்டை இல்லாமல் அவரைப் பார்க்கவே புதிதாக இருந்தது. அவர் முதலில் எழுந்தார்.

"ஓட்டுக் கேக்கறதுக்கு முன்னாடி நம்ம சட்டப்படி கேட்டுக்கறேன். நான் யாரு மாட்ட எட்த்துக்கினேன்? யாரு கழுதைய எட்த்துக்கினேன்? யாருக்கு அநியாயம் பண்ணேன்? சொல்லுங்க."

கையைக் கட்டிக்கொண்டு நின்றார். களம் அமைதியானது. அவர் முகத்தில் அந்தப் பளபளப்பு வந்தது.

"மாடு இல்ல மாமா. எடம்."

என் பக்கத்திலிருந்துதான் அந்தக் குரல் வந்தது. மரகதம் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வகுப்பில் பதில் சொல்வதற்கு எழுந்து நிற்பது போல, கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு.

"பஸ்ஸுல எங்க எடத்த எட்த்துக்கினீங்க மாமா."

பாவாடையைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினேன். அவள் இரண்டடி முன்னால் போய்விட்டாள்.

"பரிட்சை எழுத நைனாவும் நானும் திருப்பதிக்குப் போனமே, அன்னிக்கு. டிக்கெட்டு வாங்கிக்கினு உக்காந்துனு இருந்தோம். வடமாலபேட்டையில கொடி புடிச்சிக்கினு நெறைய பேரு வந்தாங்க. நீங்க எங்களையும் இன்னும் ரெண்டு பேரையும் எறங்கச் சொன்னீங்க. அடுத்த பஸ்ஸு வரவே இல்ல. நாங்க போறதுக்குள்ள ஸ்கூல் கேட்ட மூடிட்டாங்க."

திருப்பதி ஹாஸ்டல் பள்ளியில் சேர ஒரு லீவு நாளில் அவள் எழுத வேண்டிய பரீட்சை அது. மாசக்கணக்கில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அன்று சாயங்காலம் திரும்பி வந்த என் கணவர், "பஸ்ஸு லேட்டாயிருச்சி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அழுது தீர்த்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர். இறக்கிவிட்டது யார் என்று சொல்லவே இல்லை. மறுநாளிலிருந்து அதே பஸ்ஸில் போய், அதே கண்டக்டர் சொன்ன கதைகளுக்கெல்லாம் நான் சிரித்திருக்கிறேன்.

கூட்டத்துக்குள் தேடினேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

மில்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்துக்குங்கய்யா வேதக்காரரு லட்சணத்த! பச்சப் புள்ள சொல்லுது!"

கண்டக்டர் அவரைப் பார்க்கவில்லை. மரகதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் நடந்து வந்தவர் போல முகம் வேர்த்துவிட்டது. அவளுக்கு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"நீயா தாயீ அது?"

"ஆமா மாமா. நீலப் பாவாடை கட்டினு இருந்தேன்."

எழுந்து ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

"நெசம். அந்தப் பொண்ணு சொல்றது அத்தனையும் நெசம். பஸ்ஸு மொதலாளிக்கு வேண்டப்பட்ட தலைவரு ஆளுங்க. எடம் குடுக்கலன்னா வேல போயிரும்னு பயந்துட்டேன். சரி, யார எறக்கலாம்னு உள்ள பாத்தேன்." மரகதத்தைக் காட்டினார். "சத்தம் போடாதவங்களாப் பாத்துத்தான் எறக்குனேன், அந்தக் கூட்டத்துல மூஞ்சியக்கூட சரியாப் பாக்கல. எறக்கிட்டு மறந்தும் பூட்டேன். மறந்துட்டு உங்க எல்லாரையும் கேள்வி கேட்டுக்கினு இருந்தேன். எனக்கு ஓட்டுப் போடாதீங்க."

போய்க் கூட்டத்தின் கடைசியில் தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அப்புறம் என்ன? மில்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "முடிஞ்சிதா நாடகம்? எனக்குக் கை தூக்குங்க, வீட்டுக்குப் போய் சோறு துன்னலாம்."

"நீங்களும் கேளுங்க!" பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். யார் என்று தெரியவில்லை, எல்லாரும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

"நான் கேக்கறதா? அதுக்கென்ன, கேட்டாப் போச்சி!" கைகளை விரித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திரும்பினார். "ஏம்ப்பா, நான் யாரு மாட்ட எட்த்துக்கினேன்? சொல்லுங்கப்பா!"

எங்கள் எல்லாருடைய கண்ணும் முனுசாமியிடம் போயிற்று. முனுசாமியின் எருதுகள் தன் கரும்பில் மேய்ந்தன என்று சொல்லி மில்காரர் ஆள்விட்டு ஓட்டிக்கொண்டு போனது ஊர் அறிந்த கதை. அந்த எருதுகள் மில் கொட்டகையில்தான் கட்டிக் கிடந்தன. முனுசாமி மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வீட்டில் நெல் மூட்டை இருந்தது.

களம் கம்மென்று ஆகிவிட்டது. ஒரு குழந்தைகூட இருமவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் மில்காரர். "ஒருத்தன் பேசல."

இவர்தான் போகப் போகிறார், பள்ளிக்கூடம் போயிற்று, என் மகள் உண்மை சொன்னதால்தான் போயிற்று என்று ஊர் பேசப் போகிறது. இதுதான் எனக்குள் ஓடியது. அப்போதுதான் ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். என் கணவர்.

"நான் பேசறவன் இல்ல" என்றார். "கண்டக்டரு எங்கள எறக்குனது நெசம். நான் வாய மூடிக்கினு எறங்குனதும் நெசம். ஆனா பத்து வயசுப் பொண்ணு அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லிச்சி. அவரும் ஆமான்னு சொன்னாரு." மில்காரர் பக்கம் திரும்பினார். "உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல இந்தக் களத்துல ஒரு ஆம்பளைக்கு வாய் வரல. எனக்கும் வரல. யாருகிட்ட சொல்ல முடியுதோ அவரு போவட்டும். அவ்ளோதான்."

கையைத் தூக்கினார்.

மில்காரர் பல்லைக் கடித்தார். "நெல்லு அரைக்க எங்க போவீங்கன்னு பாக்கறேன்!"

அந்தப் பேச்சுதான் எங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். இரண்டாவது கை முனுசாமியுடையது. தூக்கிய கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "என் எருது!" என்றார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. பிறகு பெண்கள் பக்கம், பிறகு சர்ச்சுத் தெரு, பிறகு கோயில் தெரு. நான் கையைத் தூக்கியது எனக்கே பிறகுதான் தெரிந்தது. கண்டக்டர் திருப்பதிக்குப் போனதும், நிற்க வைத்துக் கேட்ட அதிகாரியிடம் எங்கள் பிள்ளைகளுக்காக மூச்சுவிடாமல் பேசியதும், ஊர் ஆந்திராவிலேயே நின்றபோது தமிழ்ப் பிரிவும் கூடவே நின்றதும், அந்த வருஷம் நெல்லை வண்டிகட்டிப் புத்தூருக்குக் கொண்டுபோய் அரைத்ததும் எல்லாம் அப்புறம் நடந்தவை.

அந்த நிமிஷத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மரகதம்தான் கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து அவரிடம் போனாள்.

"மாமா, நிமிந்து பாருங்க. எல்லாரும் தூக்கினு கீறாங்க."

அவர் நிமிர்ந்தார். ஊரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"நீ?"

அவள் கையும் மேலேதான் இருந்தது. குழந்தைகளுக்கு ஓட்டு இல்லை என்று சொல்ல அந்தக் களத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.